ஓணான் தரகர் பார்த்துக் கொடுத்த வீட்டுக்கடன்

வேப்பமரத்து அணிலுக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டது. மழையும் இதோ அதோ என்கிறது. கூடு கட்ட ஒரு துரும்புகூட இல்லை. யாரிடம் கடன் வாங்குவது நல்லதென்று தெரியாமல் ஓணான் தரகரைப் பிடித்தது.

"நான் யாரோட ஆளும் இல்லை அக்கா. உங்களுக்கு எது தோதோ அதைத்தான் சொல்லுவேன்" என்றபடி ஓணான் வேலியில் ஏறி உட்கார்ந்தது.

"காக்கா தேங்காய் நார் தருதாம். தவணை தினம் ஒரு வேப்பம்பழம். வாங்கலாமா?" என்று கேட்டது அணில்.

ஓணான் தலையை ஆட்டியது.

"குருவியோட வைக்கோல்?"

அதற்கும் ஆட்டியது.

"தையல்சிட்டோட பஞ்சு?"

இன்னும் பலமாக ஆட்டியது.

விவரமான ஆள் சொன்னால் தப்பாகுமா? அணில் மூன்றையும் வாங்கியது. வாங்கியதை வீணாக்க மனமில்லாமல் அத்தனையையும் கூட்டில் திணித்தது. கடைசியில் வாலை நுழைக்கக்கூட இடமில்லை. மழை பிடித்துக்கொண்டது.

"எல்லாத்துக்கும் தலையாட்டினியே, பாவி!"

"அது எங்க பிறவிப் பழக்கம் அக்கா. நீங்க என்னை வாயைத் திறந்து சொல்லுன்னு கேட்கவே இல்லையே!"

நனைந்து நடுங்கும் அணிலைப் பார்க்க ஓணானுக்கே பாவமாக இருந்தது.

"பக்கத்து மரத்துல ஒரு பொந்து வாடகைக்கு இருக்கு. பேசி முடிச்சிடவா?"

அணில் தலையை ஆட்டியது.