வேலில் கட்டிய பிராது

“இன்னும் எத்தன தடவ தேதிய மாத்துவீங்க? அந்த டாக்டரு என்ன உங்க மாமன் மச்சானா, கேக்கறப்பல்லாம் மாத்திக் குடுக்க?”

அம்சவல்லி புதுச்சேரி ஆஸ்பத்திரி ஃபைலைக் கட்டிலில் வீசினாள். நாளைக் காலையில் அவள் கணவர் கோதண்டபாணி அட்மிட் ஆக வேண்டும். பழுதான இதய வால்வை எடுத்துவிட்டுப் பன்றியின் வால்வை வைக்கப் போகிறார்கள். ஏற்கெனவே இரண்டு தேதிகளைத் தட்டிக்கழித்தாயிற்று. இனிமேலும் தள்ளினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனிதரோ சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, பிடித்த பிடியை விடவில்லை.

“பன்னியோடது, அம்சா. மனுச உடம்பு ஏத்துக்குமா? முப்பது வருசமா செராமிக் கம்பெனியில பீங்கானுக்குப் பளபளன்னு கிளேஸ் பூசறேன். மண்ணுக்கு ஒத்துக்காத கிளேஸப் பூசினா, சூளையில நல்லாத்தான் இருக்கும். வெளிய வந்து ஆறுனதும் வெடிப்பு வுட்டுரும்.”

“உடம்பும் பீங்கானும் ஒண்ணா? டாக்டரு படிச்சுப் படிச்சு சொன்னாரே. மருந்துல ஊறப்போட்டு, பன்னியோடதுங்கற அடையாளமே இல்லாமப் பண்ணித்தான் வெக்கிறாங்க. இந்த வயசுல உடம்பு ரொம்பச் சண்ட போடாது, பத்து வருசத்துக்கு மேல தாங்கும்னு சொன்னாரா இல்லியா?”

“சொன்னாரு.”

“அப்பறம் என்ன? உசுரு போற நேரத்துல அது எங்க பொறந்துது, எதுக்குப் பொறந்துதுன்னா பாப்பாங்க? வந்தத ஏத்துக்கிட்டு வாழ வேண்டியதுதான்.”

அவர் அவளையே பார்த்தார். “நீயா சொல்ற?”

“பின்ன, பக்கத்து வூட்டுக்காரியா சொல்றா?”

செல்போன் அடித்தது. அம்சவல்லி பெயரைப் பார்த்ததும் அழைப்பைத் துண்டித்துப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“யாரு?”

“ஏதோ கம்பெனிக்காரன். பேச்ச மாத்தாதீங்க. காலையில கெளம்புறீங்களா இல்லியா?”

“சாமிகிட்ட பிராது குடுத்திருக்கேன். தீர்ப்பு வராம நான் எங்கயும் வர மாட்டேன்.”

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் நம் குறையை வழக்குப் போலத் தாளில் எழுதி வேலில் கட்டினால், மூன்று மாதத்தில் சாமி தீர்த்துவைப்பார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. தீர்ந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். கத்தி படாமலே வால்வு சரியாக வேண்டும் என்று எழுதிக் கட்டியிருப்பார், வேறென்ன? இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

“இன்னியோட தொண்ணூறு நாளு முடியுது. சாமி ஒண்ணும் பண்ணல.”

“இன்னிக்குப் பொழுது இன்னும் முடியலியே.”

“உங்களோட மாரடிக்க என்னால ஆவாது. நானே போயி ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வரேன். பிராது எழுதுன தாளோட ஜெராக்ஸ் எங்க?”

மல்லுக்கு நிற்பார் என்றுதான் நினைத்தாள். அவரோ சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துத் தானே நீட்டினார்.

“எழுது. நீ எழுதினாத்தான் இந்த வழக்கு முடியும். ஆனா, மொதல்ல படிச்சிரு.”

வெடுக்கென்று வாங்கிப் பிரித்தாள். வால்வைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

‘வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக என் மகள் வளர்மதியை மூன்று வருடமாக வாசற்படி மிதிக்க விடவில்லை. அவள் புருஷனோடு வீட்டுக்குள் வந்த பிறகுதான் நான் ஆபரேஷனுக்குப் போவேன். நீதான் தீர்த்துவைக்க வேண்டும், கொளஞ்சியப்பா.’

அதற்குக் கீழே, எதிரி என்று எழுதிய இடத்துக்கு நேராக, குண்டு குண்டு எழுத்தில் அம்சவல்லியின் பெயர் இருந்தது.