முதல் உடைப்பு

முதல் செய்முறை வகுப்பில் இருந்தவர்கள்: கரும்பலகை அருகே வேதியியல் ஆசிரியர் தனிஸ்லாஸ், அலமாரி ஓரத்து முக்காலியில் ஆய்வக உதவியாளனாகிய நான், மேசைகளைச் சுற்றிப் பதினெட்டு மாணவிகள், கடைசி மேசையில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பேச்சித்தாய். பழைய பள்ளியில் ஒரு சோதனைக்குழாயை உடைத்து, அதற்குத் தண்டனையாக நாள் முழுவதும் வெயிலில் நின்றவள். அதன்பின் கண்ணாடி எதையும் தொடுவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே சார் ஆண்டுதோறும் முதல் நாளில் தாமே ஒரு குழாயைப் போட்டு உடைப்பார். "பாத்தீங்களா, உடைஞ்சா உசுரா போவுது?" என்பார். உடைப்புப் பதிவேட்டில் முதல் பெயர் எப்போதும் அவருடையதுதான். இந்த ஆண்டு புதிதாக வந்த தடித்த கண்ணாடிக் குழாயோ கீழே விழுந்து, துள்ளி, மேசைக்கடியில் உருண்டு போனது. எடுத்து மறுபடி போட்டார். மூன்றாம் முறை நாற்காலியில் ஏறி நின்று போட்டார். வகுப்பே சிரித்தது. பேச்சித்தாய் பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்தாள். "சார், நீங்க பயந்து பயந்து போடுதீங்க. விளிம்பு படணும். இங்க தாங்க." ஒரே போடு. சில்லுகள் என் முக்காலி வரை வந்தன. சார் நாற்காலியில் நின்றபடியே கைதட்டினார்.

முதல் உடைப்பு ஏன் எப்போதும் ஆசிரியருடையது என்று பழைய பதிவேடுகளைப் பார்த்த மேலலுவலகம் விளக்கம் கேட்டிருந்தது. அன்று மாலையே பதில் எழுதினேன்: "இவ்வாண்டு மாணவியுடையது. ஆசிரியர் மும்முறை முயன்றும் இயலவில்லை." உறையை ஒட்டும் வேலையைப் பேச்சித்தாய் கேட்டு வாங்கிக்கொண்டாள். பசை கூடிப்போய் மடிப்பு கோணிக்கொண்டது. என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே தபாலில் சேர்த்தேன்.