மூன்றாவது ஓலை

"இந்த விவாகத்துக்கு யாருக்காவது ஆட்சேபனை உண்டுமானால் இப்போதே தெரிவிக்கலாம்" என்றார் பாஸ்டர்.

செகந்திராபாத்தில் அந்தத் தமிழ் ஆலயத்தில் அன்று ஷெர்லிக்கு மூன்றாவது ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு இப்படி அறிவித்துக் கேட்பதைத்தான் ஓலை என்பார்கள். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் சபை தொண்டையைச் செருமிக்கொள்ளும், அவ்வளவுதான்.

"எனக்கு இருக்கு."

எழுந்து நின்றவர் சபைச் செயலாளர் தனசிங்.

பெண்ணின் அப்பா ஜோசியாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"பாத்தீங்களா பாஸ்டர்! இவன் இன்னைக்கு நேத்தா ஆரம்பிச்சான்? முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் ஞானசௌந்தரிக்கும் ஓலை வாசிச்சப்பவும் இதே மாதிரிதான் எந்திரிச்சான். காரணம் கேட்டா வாயைத் திறக்கல. என் கல்யாணம் நின்னு போச்சு. இப்ப என் மக கல்யாணத்துக்கு வந்து நிக்கிறான்!"

சபைக்கே தெரிந்த பகை அது. இருவருக்கும் ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில்தான் வேலை. ஒரே கம்பெனி பஸ். தனசிங் பக்கத்தில் சீட் காலியாக இருந்தாலும் ஜோசியா உட்கார மாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றே போவார். அப்படி முப்பது வருஷம். ரிட்டயரான பிறகு வந்த முழங்கால் வலிக்கும் தனசிங்தான் காரணம் என்று டாக்டரிடமே சொன்னவர்.

"எல்லாம் பொறாமை. அன்னைக்கு அவ மேல இவனுக்கு ஒரு கண்ணு. அவ நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போயிட்டா. இவனுக்கும் கிடைக்கல!"

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மெதுவாப் பேசுங்க, கோயில்ல இருக்கோம்."

"நீ சும்மா இரு!"

பாஸ்டர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "தனசிங் ஐயா, என்ன காரணம்னு சொல்லணுமே."

"என் சொந்தக் காரணம் பாஸ்டர். அதுக்கு மேல கேக்காதீங்க." தனசிங் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"முதல்ல இவரைச் செயலாளர் பதவியில இருந்து தூக்குங்க" என்று பின்வரிசையில் ஒரு குரல். "ஹவ், ஹவ்" என்று நாலைந்து பேர் ஆமோதித்தார்கள்.

ஜோசியாவுக்குத் தெம்பு வந்தது. "நான் எல்லாம் முறைப்படி செஞ்சிருக்கேன் பாஸ்டர். மாப்பிள்ளை வெஸ்லிக்கு நானே ரெண்டு தடவை போன் போட்டேன். 'பொண்ணைப் பிடிச்சிருக்கா தம்பி, மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க'ன்னு கேட்டேன். தங்கமான பையன், முழுச் சம்மதம்னான். சம்மதம் இல்லாம ஒரு கல்யாணத்தை நடத்தலாமா?"

"தனசிங் அங்கிள், நீங்க உட்காருங்க."

பெண்கள் பக்கத்தில் ஷெர்லி எழுந்து நின்றிருந்தாள்.

தனசிங் பதறிப்போனார். "நீ ஏன்மா எந்திரிக்கிற? நான்தான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல?"

"எனக்காக நீங்க திட்டு வாங்க வேண்டாம் அங்கிள்." அப்பாவிடம் திரும்பினாள். "டாடி, நேத்து இவர் வீட்டுல போய் அழுதது நான்தான். என் பேர் வெளியில வராமப் பாத்துக்கறேன்னு சொன்னார். வெஸ்லி நல்லவர்தான். ஆனா எனக்கு வேண்டாம்."

"வேண்டாம்னா அதை என்கிட்ட இல்ல சொல்லணும்!"

"சொன்னேனே. நக்கோ டாடி, நக்கோன்னு எத்தனை தடவை சொன்னேன்! 'வெட்கப்படுறா'ன்னு மம்மிகிட்ட சொல்லிச் சிரிச்சீங்க. ஓலை ஃபாரத்துல என் கையெழுத்தைக்கூட நீங்களேதான் போட்டீங்க."



பாஸ்டர் ஓலைப் பதிவேட்டை மூடினார். "அப்ப இந்த ஓலை செல்லாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டை ஆரம்பிக்கச் சொல்லி ஆர்கன்காரரைப் பார்த்தார்.

பாட்டு ஆரம்பித்தது. ஜோசியா பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். இரண்டாவது சரணத்தில் இடத்தைவிட்டுக் கிளம்பி, தனசிங்கின் பெஞ்சை நோக்கி நடந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்த இரண்டு பேர் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்தார்கள்.

ஜோசியா குனிந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் தனசிங்கிடம் நேருக்கு நேர் பேசும் முதல் பேச்சு.

"அப்ப, அன்னைக்கு நீரு எந்திரிச்சது..."

தனசிங் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரும் வே, முழங்கால் வலிக்கப் போவுது. யாருக்காக எந்திரிச்சேன்னு மட்டும் கேக்காதயும். பேரைச் சொல்ல மாட்டேன்னு அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."