கூரைமேல் ஓட்டுநர்

லாங் பீச் பாலத்தில் காலை வெயில் ஏறுகிறது. படப்பிடிப்புக் காரின் கூரைமேல் பொருத்திய இரும்புக் கூண்டில் ஸ்டண்ட் ஓட்டுநர் டெல்ஃபினா வாரை இறுக்கிக்கொள்கிறாள். உண்மையான ஸ்டியரிங்கும் பிரேக்கும் அவளிடம்தான். கீழே, கேமராவுக்கு முகம் காட்டும் நாயகன் கிரேடியின் கையில் இருப்பது பொம்மைச் சக்கரம். காலடியில் வெறும் தரை. "தாயே, பாத்து வளை," என்று மைக்கில் சொல்கிறான் கிரேடி. "நீ சிரி ராசா. மத்ததை நான் பாத்துக்கறேன்." கார் பாய்கிறது. டயர்கள் அலறுகின்றன, துறைமுகத்துக் கிரேன்கள் பக்கவாட்டில் சரிந்து ஓடுகின்றன, டெல்ஃபினாவின் விரல்கள் மட்டும் அவசரப்படவில்லை. கீழேயிருந்து மைக் வழியே அவள் காதுக்குள் தொம் தொம்மென்று ஒரு சத்தம். தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் கார் நிற்கிறது. கைதட்டல். வேர்த்து வழிய இறங்கும் கிரேடி அண்ணாந்து கேட்கிறான்: "நல்லா ஓட்டினேனா?" "சூப்பரா ஓட்டினே. இல்லாத பிரேக்கைத்தான் அந்த மிதி மிதிச்சுட்டே."