மேட்டில் ஒரு பிரெஞ்சுப் படம்
மாலை வெயில் கோலார் தங்கவயலில், சுரங்கக் கழிவுமண் குவிந்த ஊரிகத்துச் சயனைடு மேட்டில் மஞ்சளாக வடிகிறது. வேந்தனும் கணேஷ்குமாரும் ஒரே போனில் பிரெஞ்சுப் படம் பார்க்கிறார்கள். பாரிஸ் ஓரத்தில் ஒரு மொட்டைமாடி. வேலையில்லாத பையன்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். "இன்னா மச்சான், நம்மள மாரியே குந்தினு கீறானுங்க? ஷூ மட்டும் புச்சு" என்கிறான் கணேஷ்குமார். வேந்தன் சிரிக்கவில்லை. நேற்று பழைய இரும்பு எடுக்க, மூடிக்கிடக்கும் சுரங்கத்தில் அவர்கள் கூட்டாளி சிவராஜ் இறங்கினான். ஆள் இறக்கும் பழைய கூண்டின் கம்பியைக் காட்டி, "அந்தக் காலத்து கேஜ் கம்பிடா, அறாது, எறங்கு" என்றவன் வேந்தன். கம்பி அறுந்தது. கோலார் ஆஸ்பத்திரியில் சிவராஜ் கண் திறக்காமல் கிடக்கிறான். யார் இறங்கச் சொன்னதென்று அவன் அம்மாவுக்குத் தெரியாது. காற்று தூவும் சாம்பல் மண்ணை வேந்தன் திரையிலிருந்து துடைக்கிறான். படம் நின்று போன் அடிக்கிறது. சிவராஜின் அம்மா. "எட்றா" என்கிறான் கணேஷ்குமார். வேந்தன் எடுக்கிறான். "வேந்தா, நம்ம சிவராஜு பூட்டான்பா. தூக்க ஆள் வேணும். மொத ஆளா நீ வாப்பா."