தொண்ணூற்றாறு டிகிரி

திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த எண் தொண்ணூற்றாறைத் தொட்டதும் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது.

"பாத்தியாம்மா? இப்டித்தான். பத்து நிமிசம் நிக்க மாட்டேங்குது" என்றார் ரகுபதி.

ஆரோக்கியமேரி தலையாட்டினாள். மாமனார் அவளிடம் நேரில் பேசிய முதல் பேச்சு அது.

அவளுக்கும் பாலுவுக்கும் பதிவுத் திருமணம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்று மாமியார் ஜோதிலட்சுமி மட்டும் வந்து, இரண்டு முழம் பூவைக் கையில் கொடுத்துவிட்டு அவசரமாகப் போய்விட்டாள். சர்ச்சுக்குப் போகிற மருமகள் வேண்டாம் என்றிருந்தார் ரகுபதி. பாலு மாதம் ஒரு தடவை மயிலாப்பூர் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புவான். மேரி வேளச்சேரியிலேயே இருந்துவிடுவாள்.

நேற்று சாயங்காலம் அவளுடைய போனுக்கே அழைப்பு வந்தது.

"நான் பாலு அப்பா பேசறேன். வூட்ல கம்ப்யூட்டர் ரொம்ப சூடாவுது. நீ ஆபீஸ்ல அந்த வேலதானே பாக்கற? ஒரு நட வந்து பாத்துட்டுப் போறியா?"

காலையில் பாலு பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். உன்னைத்தானே கூப்பிட்டார் என்று சொல்லிவிட்டுக் கீழே டீக்கடையிலேயே நின்றுகொண்டான். இரண்டு மாடியையும் அவள் தனியாக ஏறினாள். கதவு திறந்தே இருந்தது.

மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தரையில் படுக்க வைத்தாள். திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தாள். உள்ளே பார்த்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ரகுபதி, ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனித்துக்கொண்டிருந்தார்.

"தூசிதான் மாமா" என்றாள்.

மாமா என்று வாயில் வந்துவிட்டது.

"மெட்ரோக்குத் தோண்டறாங்கல்ல. ஒரே புழுதி" என்று சொல்லி, அவர் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையாகத் துடைத்தாள். அவர் குத்துக்காலிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அது என்ன, இது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் பொறுமையாகச் சொன்னாள். சூடாவது இந்தச் சில்லு, அந்தச் சூட்டை இந்த அலுமினியம் வாங்கிக்கொள்ளும், விசிறி அதை வெளியே தள்ளிவிடும்.

"நடுவுல அந்த வெள்ளப் பேஸ்ட்டு?"

"ரெண்டுக்கும் நடுவுல காத்து பூந்துடக் கூடாது மாமா. ஒரு பட்டாணி அளவு வெச்சா போதும்."

"ஓ" என்றார்.

சமையலறையில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. ஜோதிலட்சுமி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"உங்கப்பா ஹார்பர்லதானே இருந்தாரு?"

"ஆமா மாமா. கிரேன் ஓட்டினாரு. போன வருசம்..."

"தெரியும்மா."

ரகுபதி டார்ச்சை மறுகைக்கு மாற்றினார்.

"அடக்கத்துக்கு நான் வந்திருக்கணும். கீழ வரைக்கும் எறங்கிட்டேன். சட்டகூட மாட்டிக்கினுதான் எறங்கினேன். அப்புறம் ஏறிட்டேன்."

மேரி பேஸ்ட்டைப் பரப்பி, கழற்றி வைத்திருந்த அலுமினியத்தை அதன் இடத்தில் வைத்து அழுத்தினாள். அவர் ஒரு விரலால் அது நகராமல் பிடித்துக்கொண்டார். அவள் திருகுகளை முடுக்கினாள்.

கம்ப்யூட்டரைப் போட்டார்கள்.

நாற்பத்தொன்று. நாற்பத்து நான்கு. நாற்பத்தேழு.

எண் அங்கேயே நின்றது. பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. நாற்பத்தேழைத் தாண்டவில்லை. எண் அசையாமல் நின்ற அந்த மூலையை இருவரும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போக இருவருக்குமே மனம் வரவில்லை.

ஜோதிலட்சுமி வடைத் தட்டோடு வந்தாள். ரகுபதி கீபோர்டை நகர்த்தி, மருமகளின் தட்டுக்கு இடம் செய்தார்.

"ரெண்டு போதும் அத்தை" என்று மேரி சொன்னதற்கு, நாலாவது வடையை ரகுபதியே எடுத்து வைத்தார்.

அவள் கீழே இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. பாலுவின் கையில் மூன்றாவது டீ.

"இன்னா ப்ராப்ளமாம்?"

"தூசி."

பாலு சிரிப்பில் டீயைத் துப்பாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருபத்தெட்டு வருடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ரகுபதி. அது பாலுவுக்கும் தெரியும், மேரிக்கும் தெரியும்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பேஸ்ட் காயக்கூட இல்லை. விசிறிக்குப் போகும் ஒயர் மட்டும் பிடுங்கப்பட்டு, அழகாகச் சுருட்டி, பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி, ஓரமாகச் செருகப்பட்டிருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அதை மறுபடி மாட்டிவிட்டாள்.

அதை மட்டும் அவள் பாலுவிடம் சொல்லவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழம பிரிண்டர் ரிப்பேராம்" என்றாள். "உன்னையும் மேல வரச் சொன்னாரு."