அரைவட்டக் கீ

மேனேஜரும் அவருடைய மச்சினனும் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். தலைக்கு மேல், மூடிய பெட்டிக்குள் விசிறி சுற்றிக் காற்றடிக்கும் ஒரே ஒரு பிளோயர்.

"குளிர்ல விறைச்சுப் போறேன் அத்தான், நிறுத்துங்க!" என்பான் மச்சினன்.

"காத்தே வரலைடா!" என்று விசிறிக்கொள்வார் மேனேஜர்.

சண்டை வீடு வரை போயிற்று. தம்பிக்காக மேனேஜரின் மனைவி நாலு நாளாக அவரோடு பேசவில்லை.

மேனேஜர் ஃபிட்டரை வரவழைத்தார். "ரெண்டு பேருக்கும் ஒத்துப்போற காத்து வரணும். இல்லைன்னா நீ வேற வேலை பாத்துக்க."

ஃபிட்டர் இரண்டு சிறிய இரும்புத் துண்டுகளைக் காட்டினார். "மோட்டார் தண்டுல விசிறி வழுக்காமப் பிடிச்சுக்கிற கீ சார் இது. சதுரக் கீ போட்டா காத்து முரட்டுத்தனமா வரும். அரைவட்டக் கீ பதமா வரும்."

"அரைவட்டமே போடு!"

அரைமணியில் மோட்டார் உறுமியது.

"ஜிலுஜிலுன்னு இருக்கே!" என்று கண்ணை மூடினார் மேனேஜர்.

மச்சினன் மஃப்ளரை அவிழ்த்தான். "இப்பதான் அத்தான் குளிரே இல்லை!"

அன்றே வீட்டிலும் சமாதானம்.

ஒரு வாரம் கழித்து, ஃபிட்டரைப் பாராட்டலாமென்று ஒர்க்‌ஷாப்புக்குப் போன மேனேஜர் மேசைக்கடியில் ஒரு பெரிய விசிறியைப் பார்த்தார். "இது எதோடது?"

ஃபிட்டர் அதைக் காலால் உள்ளே தள்ளப் பார்த்தார். "உங்க ரூம் பிளோயரோடது சார். அன்னிக்கே கழட்டிட்டேன். மேல வெறும் மோட்டார்தான் சுத்துது."

"அப்போ அந்த அரைவட்டக் கீ?"

ஃபிட்டர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அதுவே உன் பாக்கெட்ல இருக்கட்டும். தப்பித்தவறிக்கூட சதுரத்தை மாத்தி வச்சுடாதே!"